இருபத்திரண்டு விநாடி

லினக்ஸ் சர்வர்களோடு குப்பை கொட்டுகிற எவருக்கும் அந்த வரி பழகியிருக்கும். 'பக்: சாஃப்ட் லாக்கப் - சிபியு#3 ஸ்டக் ஃபார் 22எஸ்!' என்று கன்சோலில் வந்து விழும். சிபியு எண் மாறும். கூடவே வரும் புராசஸின் பெயர் மாறும். 22 மட்டும் அநேகமாக மாறாது. எப்போதாவதுதான் 23 போல வேறு எண் வரும்.

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பையன் ஒருநாள் கேட்டான்: "அண்ணா, டாக்குமென்ட்ல 20 செகண்டுன்னு போட்டிருக்கு. வர்றதெல்லாம் 22-ஆவே இருக்கே, ஏன்?"

இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்கூட அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவனுக்கு ஒயிட்போர்டில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் போடுகிறேன். லாக்கப்பைக் கண்டுபிடிக்கும் செட்டிங்குகளின் சூட்சுமம் பாதிக்குமேல் அதற்குள்தான் இருக்கிறது.

கெர்னலில் 'வாட்ச்டாக்_த்ரெஷ்' என்று ஒரு செட்டிங். டீஃபால்ட் மதிப்பு 10. ஒரு சிபியு கெர்னலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, காத்திருக்கும் மற்ற வேலைகளுக்கு வழி விடாமல் இருந்தால் அது சாஃப்ட் லாக்கப். அதற்கான வரம்பு த்ரெஷ்ஷின் இரண்டு மடங்கு, அதாவது 20. ஒவ்வொரு சிபியுவிலும் ஒரு டைமர் உண்டு. அந்த இருபதை ஐந்தாகப் பங்கிட்டு, 4 விநாடிக்கு ஒருமுறை அது அடிக்கும். அடிக்கும்போது, மிக உயர்ந்த முன்னுரிமை கொண்ட ஒரு த்ரெட்டை அதே சிபியுவில் எழுப்பி, 'இருக்கிறேன்' என்று நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லும். கடைசியாகக் குறித்த நேரம் எவ்வளவு பழையது என்றும் பார்த்துக்கொள்ளும். சிபியு எங்கேயோ மாட்டிக்கொண்டால் த்ரெட்டுக்கு ஓட முறை வராது, குறிப்பு பழையதாகவே நிற்கும். 4, 8, 12, 16, 20 என்று டைமர் அடித்துக்கொண்டே போய், 24-இல் விஷயம் பிடிபடும்.

அப்படியானால் 24 என்றுதானே வர வேண்டும்? கெர்னலிடம் இருப்பது நானோவிநாடிக் கணக்கு. விநாடியாக்க நூறு கோடியால் வகுக்க வேண்டும். எழுதியவர்கள் வகுக்கச் சோம்பல்பட்டு, பிட்டுகளை 30 இடம் தள்ளிவிட்டார்கள். அது 2-இன் 30-ஆம் அடுக்கால், ஏறத்தாழ 107 கோடியே 37 லட்சத்தால், வகுப்பதற்குச் சமம். 24 விநாடி அதனால் 22 புள்ளி சொச்சம் ஆகி, சொச்சம் வெட்டுப்பட்டு 22 என்று திரையில் நிற்கிறது. ஆக, லாகில் 22 என்று பார்த்தால் அந்த சிபியு 24 விநாடி யாரையும் கவனிக்கவில்லை என்று பொருள். மூன்று கிகாஹெர்ட்ஸ் சிபியு ஒன்றுக்கு அது ஏழாயிரம் கோடி சைக்கிளுக்கும் மேல்.

இதே தள்ளல் கணக்கு 2.6.32 காலத்து கெர்னல்களில் ஒரு பூதத்தையும் காட்டியது. நேரத்தைக் கணக்கிடும் இடத்தில் ஓர் ஓவர்ஃப்ளோ. மெஷின் ரீபூட் ஆகாமல் 208 நாளைத் தாண்டி ஓடினால் உள்கடிகாரம் தடம் புரளும். லாகில் 'ஸ்டக் ஃபார் 17163091968எஸ்' என்று வரும். விநாடியாகவே எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 544 வருஷம். 2-இன் 34-ஆம் அடுக்கிலிருந்து 24-ஆம் அடுக்கைக் கழித்தால் அந்த எண் பிசகாமல் வரும். பக்கைச் சரிசெய்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரீபூட் என்று அப்போது போட்ட சட்டம், ஏன் போட்டோம் என்பதே மறந்தபிறகும், நான் பார்த்த சில இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சாஃப்ட் லாக்கப்பில் டைமராவது அடிக்கிறது. இன்டரப்டையே அணைத்துவிட்டு சிபியு மாட்டிக்கொண்டால் டைமரும் அடிக்காது, புகார் சொல்ல ஆளே இல்லை. இது ஹார்ட் லாக்கப். இதைப் பிடிக்க, யாராலும் தடுக்க முடியாத என்எம்ஐ என்ற இன்டரப்ட் வேண்டும். எக்ஸ்86 மெஷின்களில் சிபியுவின் செயல்திறன் கவுன்ட்டர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, ஏறத்தாழ 10 விநாடி மதிப்புள்ள சைக்கிள்கள் ஓடியதும் என்எம்ஐ அடிக்கவைக்கிறார்கள். அது எழுந்து, 'போனமுறை பார்த்ததற்குப் பிறகு டைமர் ஒருமுறையாவது அடித்ததா?' என்று மட்டும் பார்க்கும். அடிக்கவில்லை என்றால் பெரிய எழுத்தில் 'லாக்கப்' என்று கத்தும். சாஃப்ட் லாக்கப் கண்காணிப்பை 2005-இல் இங்கோ மோல்னார் எழுதினார். 2010-இல் டான் சிக்கஸ் இரண்டையும் ஒரே வாட்ச்டாக் கோடுக்குள் கொண்டுவந்தார். ஒரே த்ரெஷ் இரண்டு வரம்பையும் ஆட்டுவிப்பது அந்த இணைப்பின் பலன். அதை 30 ஆக்கினால் ஹார்டுக்கு 30, சாஃப்டுக்கு 60, டைமர் 12 விநாடிக்கு ஒருமுறை. 60-க்குமேல் ஏற்ற முடியாது. 0 போட்டால் கண்காணிப்பே கிடையாது.

செட்டிங் சொல்லும் கணக்கு இவ்வளவுதான். வேலை தொடங்குவது லாகைப் படிப்பதில்.

நான் வெகுகாலம் ஹோஸ்டிங் பக்கம் இருந்தவன். விர்ச்சுவல் மெஷின்கள்தான் எங்கள் சாப்பாடு. வாடிக்கையாளர் ஒருவரின் டேட்டாபேஸ் விஎம்மில் தினமும் நள்ளிரவுக்குமேல் சாஃப்ட் லாக்கப் வரும். கெர்னல் பக் என்று அவர்கள் பக்கத்தில் ஒரே முடிவாக இருந்தார்கள். அப்டேட் போட்டார்கள், பழையதற்குத் திரும்பினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. லாகை முழுதாக வாங்கிப் பார்த்தேன். நான்கு சிபியுவும் ஒரே விநாடியில் புகார் சொல்லியிருந்தன. நிஜமான லாக்கப்பில் முதலில் ஒரு சிபியு விழும். மற்றவை அதற்காகக் காத்திருந்து பிறகு விழும். அடுத்து, ஒவ்வொரு சிபியுவும் எந்த ஃபங்ஷனில் நின்றது என்று ஆர்ஐபி வரியைப் பார்த்தேன். ஒன்று நெட்வொர்க் பாக்கெட்டைக் கையாண்டு முடித்த இடத்தில், ஒன்று ஃபைல் படிக்கிற இடத்தில், இரண்டு சும்மா இருந்துவிட்டு அப்போதுதான் எழுந்த இடத்தில். நான்குக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மறுநாள் லாகில் அந்த இடங்களும் மாறியிருந்தன. மாட்டிக்கொண்ட சிபியு இப்படி இருக்காது. அது ஒரே லூப்பில், ஒரே ஃபங்ஷனில், அச்சடித்தாற்போல் நிற்கும்.

அந்த விஎம் மாட்டிக்கொள்ளவே இல்லை. பேக்கப்புக்காக ஹைப்பர்வைசர் அதை மெமரியோடு சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் முழுக்க விஎம் உறைந்துபோய் நிற்கும். விழித்ததும் டைமர் முதலில் அடிக்கும், குறிப்பு அரை நிமிடம் பழையது என்று பார்க்கும், கத்தும். தூங்கியவனுக்குத் தான் தூங்கியது தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துப் பதறுவான். 'இந்த விஎம்மை நான்தான் நிறுத்திவைத்தேன்' என்று ஹைப்பர்வைசர் சொன்னால் எச்சரிக்கையை விழுங்கிக்கொள்ளும் வசதி கேவிஎம் பக்கம் 2012-லேயே வந்துவிட்டது. எல்லா ஹைப்பர்வைசரும், எல்லா வகை நிறுத்தத்துக்கும் அப்படிச் சொல்வதில்லை. பேக்கப் ஸ்னாப்ஷாட்டில் மெமரியை விட்டுவிடச் சொன்னோம். கூடவே த்ரெஷ்ஷை 20 ஆக்கினோம். லாக் சுத்தமானது.

இதனால் விஎம் என்றாலே த்ரெஷ்ஷை ஏற்று என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். முதலில் நான்கும் ஒன்றாக விழுந்தனவா, ஒன்று மட்டும் விழுந்ததா என்று பாருங்கள். ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப விழுகிற விஎம்மில் த்ரெஷ்ஷை 60 ஆக்கி லாகைச் சுத்தம் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மானிட்டரிங் டேஷ்போர்டு பச்சையானது. பயனர்கள் மட்டும் முன்போலவே கத்திக்கொண்டிருந்தார்கள்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. இன்னோர் இடத்தில், பெயர் வேண்டாம், பாதுகாப்பு ஆடிட்டுக்காகத் தயாரித்த ஒரு டெம்ப்ளேட்டில் 'சாஃப்ட்லாக்கப்_பானிக் = 1' என்று யாரோ சேர்த்திருந்தார்கள். லாக்கப் தெரிந்ததும் எச்சரிக்கையோடு விடாமல் கெர்னல் தன்னையே கீழே போட்டுக்கொள்ளும். 'கெர்னல்.பானிக் = 10' இருந்ததால் 10 விநாடியில் ரீபூட். நிஜ வன்பொருளில் ஓடும் கிளஸ்டருக்கு அருமையான ஜோடி. அதை நிறுவனத்தின் அத்தனை விஎம்மிலும் ஒரே ஸ்க்ரிப்ட்டில் தள்ளிவிட்டார்கள். சில மாதம் ஒன்றும் இல்லை. ஒருநாள் ஸ்டோரேஜ் மாற்றும்போது ஹோஸ்டுகள் திணறின, விஎம்கள் அரை நிமிடம் உறைந்தன. விழித்த விஎம் ஒவ்வொன்றும் தனக்கு லாக்கப் வந்துவிட்டதாக நினைத்துத் தற்கொலை செய்துகொண்டது. வேலை முடிந்தபோது அந்தப் பக்கத்து ரேக் முழுக்க ஒரே சமயத்தில் பூட் ஆகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு போன்காலில் இருந்த மேனேஜர், "ஹேக் பண்ணிட்டாங்களா சார்?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அதற்காக பானிக் செட்டிங்கைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு நோடு கொண்ட டேட்டாபேஸ் கிளஸ்டரில், பாதி உயிரோடு இருக்கும் நோடைவிட ஆபத்து வேறில்லை. பிங்குக்குப் பதில் சொல்லும், பூட்டுகளை விடாது, வட்டில் எழுதியும் எழுதாமலும் நிற்கும். பக்கத்து நோடு பொறுப்பை எடுத்துக்கொள்ளவா வேண்டாமா என்று தவிக்கும். அங்கே த்ரெஷ் 10-ஆகவே இருக்கட்டும், சாஃப்ட், ஹார்ட் இரண்டு பானிக்கும் 1. சாகிற நோடு உடனே செத்துவிட வேண்டும். பின்னால் தாங்க ஆள் இல்லாத ஒற்றை சர்வரில் அதே செட்டிங், இருபது விநாடித் திணறலில் தானே மீண்டிருக்கக்கூடிய சர்வீஸை ஐந்து நிமிட ரீபூட்டில் தள்ளும். இரண்டிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஒரே டெம்ப்ளேட் இரண்டுக்கும் பொருந்தாது.

நெட்வொர்க் பாக்கெட்டுகளுக்கென்றே கோர்களை ஒதுக்கிவைக்கும் டெலிகாம் சர்வர்கள் தனி ஜாதி. 'நோஹெர்ட்ஸ்_ஃபுல்' என்று பூட் வரியில் குறிப்பிட்ட கோர்களில் வாட்ச்டாக் டீஃபால்ட்டாக ஓடாது. 4 விநாடிக்கு ஒருமுறை வரும் அந்தத் தொந்தரவுகூட அங்கே வேண்டாம் என்பதற்காக. அதிமுக்கியமான வேலை ஓடுவது அந்தக் கோர்களில்தான். அவற்றில் லாக்கப் வந்தால் வாட்ச்டாக் லாகில் ஒரு வரியும் எழுதாது. 'வாட்ச்டாக்_சிபியுமாஸ்க்' என்ற செட்டிங்கால் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு தேட வேண்டும்.

இன்னொரு கண்காணிப்பாளர் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை நொண்டும். ஹங் டாஸ்க். லாக்கப் என்பது சிபியு மாட்டிக்கொள்வது. ஹங் டாஸ்க் என்பது ஒரு புராசஸ் டிஸ்க்குக்கோ என்எஃப்எஸ் சர்வருக்கோ காத்து, கொல்லவும் முடியாத 'டி' நிலையில் தொங்குவது. 120 விநாடிக்குமேல் தொங்கினால் கெர்னல் எழுதும். கூடவே, 'இந்தச் செய்தி வேண்டாம் என்றால் இந்த ஃபைலில் 0 எழுதவும்' என்று வழியும் சொல்லிக்கொடுக்கும். கெர்னலில் இவ்வளவு நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டு இவ்வளவு கெடுதல் செய்த வரி வேறு எதுவும் என் நினைவில் இல்லை. அவசரத்தில் இருக்கும் அட்மின் பிரச்சினையைத் தேடி அந்த வரிக்கு வருகிறார், தீர்வு என்று நினைத்து அதையே காப்பி-பேஸ்ட் செய்கிறார்.

அதையும் செய்யாமல் விட்டால் வேறொரு பொறி. 'ஹங்_டாஸ்க்_வார்னிங்ஸ்' என்று ஒன்று உண்டு, டீஃபால்ட் 10. பத்து முறை சொன்னபிறகு கெர்னல் வாயை மூடிக்கொள்ளும். ஒருமுறை ஸ்டோரேஜ் பிரச்சினையில், "மெசேஜ் வர்றது நின்னுடுச்சு சார், சரியாயிடுச்சு போல" என்று ஷிஃப்டில் இருந்தவர் டிக்கெட்டை மூடத் தயாராக இருந்தார். 'டி' நிலையில் இருந்த புராசஸ்களை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். கூடிக்கொண்டே போயின. வார்னிங்ஸை -1 ஆக்கினால் எண்ணிக்கை வரம்பு போய்விடும். நான் எங்கே போனாலும் முதலில் மாற்றுவது அதைத்தான்.

கன்சோல் பற்றியும் ஒரு வார்த்தை. 'நேட்டிவ்_க்யூட்_ஸ்பின்_லாக்_ஸ்லோபாத்' என்று ஆர்ஐபியில் வந்தால் அந்த சிபியு பூட்டுக்காகக் காத்திருக்கும் அப்பாவி. பூட்டைக் கையில் வைத்திருக்கும் ஆள் வேறு சிபியுவில் இருக்கிறான். அவனைக் காண எல்லா சிபியுவின் பேக்டிரேஸும் வேண்டும், 'சாஃப்ட்லாக்கப்_ஆல்_சிபியு_பேக்டிரேஸ்' அதற்குத்தான். ஆனால் 128 சிபியு உள்ள மெஷினில், சிபியுவுக்கு ஐம்பது வரி, வரிக்கு எழுபது எழுத்து என்றால் நாலரை லட்சம் எழுத்து. 115200 வேகத்தில் சீரியல் கன்சோலுக்குள் அது போய் முடிய 40 விநாடி ஆகும். யாரோ பழைய வழக்கத்தில் 9600 என்று விட்டிருந்தால் எட்டு நிமிடம். எழுதிக்கொண்டிருக்கும் சிபியு அதற்குள் தானே ஒரு லாக்கப் ஆகிவிடும் அபாயம் உண்டு. இந்த செட்டிங்கைத் தொடுமுன் கன்சோல் வேகத்தைப் பாருங்கள்.

கேவிஎம்மில் ஓடும் விஎம்முக்குள் ஹார்ட் லாக்கப் கண்காணிப்பு டீஃபால்ட்டாக அணைந்திருக்கும். பல இடங்களில் செயல்திறன் கவுன்ட்டரே விஎம்முக்குக் கிடைக்காது. நிஜ மெஷினிலும் ஒரு கவுன்ட்டரை வாட்ச்டாக் எடுத்துக்கொள்வது பெர்ஃபார்மன்ஸ் ஆட்களுக்குக் கண்ணில் விழுந்த தூசி. 'என்எம்ஐ_வாட்ச்டாக்'கை 0 ஆக்கி அளந்துவிட்டு, திரும்ப 1 ஆக்க மறந்து போவார்கள். 2023-இல் வந்த 6.5 கெர்னலில் இதற்கு மாற்று இருக்கிறது: கவுன்ட்டரும் வேண்டாம், என்எம்ஐயும் வேண்டாம், ஒவ்வொரு சிபியுவும் அடுத்த சிபியுவின் டைமர் அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். எல்லா சிபியுவும் ஒன்றாக மாட்டினால் பார்க்க ஆளில்லை என்ற குறை உண்டு. அந்த நிலைமைக்கு மதர்போர்டில் இருக்கும் வன்பொருள் வாட்ச்டாக்தான் கதி. அது கெர்னலை நம்பாது.

இவ்வளவும் செய்து, கீழே விழுந்த கெர்னல் ஏன் விழுந்தது என்று தெரியாமல் போனால் உழைப்பு வீண். பானிக் போட்டால் கேடம்ப் கூடவே இருக்க வேண்டும். பூட் வரியில் 'க்ராஷ்கெர்னல்' என்று மெமரி ஒதுக்கி, விழும் கெர்னலின் மெமரியை இன்னொரு சின்ன கெர்னல் எழுந்து வட்டில் எழுதிவைக்கும் ஏற்பாடு. ஒதுக்கீடு போதாமல், வட்டில் இடம் இல்லாமல், ஸ்டோரேஜ் டிரைவர் சின்ன கெர்னலில் இல்லாமல் என்று அது தோற்க நூறு வழி. பானிக் நடந்தபிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

ஆகவே இதைப் படிக்கும் அட்மின்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டெஸ்ட் சர்வர் ஒன்றில் 'எல்கேடிடிஎம்' மாட்யூலை ஏற்றுங்கள். டீபக் ஃபைல்சிஸ்டத்தில் 'ப்ரோவோக்-க்ராஷ்' என்ற டைரக்டரிக்குள் 'டைரக்ட்' என்ற ஃபைல் இருக்கும். அதில் 'சாஃப்ட்லாக்கப்' என்று எழுதுங்கள். அந்த ஷெல் திரும்பி வராது, மெஷினை ரீபூட் செய்ய வேண்டிவரும். அதற்குத் தயாராக இருங்கள். லாக்கப் வரி வருகிறதா, கன்சோலில் முழு டிரேஸ் விழுகிறதா, பானிக் போட்டிருந்தால் வட்டில் வி-எம்கோர் ஃபைல் சேர்ந்ததா என்று பாருங்கள். அடுத்து 'ஹார்ட்லாக்கப்' என்று எழுதி அதே மூன்றையும் பாருங்கள். இரண்டும் சரியாக வந்தபிறகு மட்டும் புரொடக்‌ஷனில் கை வையுங்கள்.